ருணமும் ரோகமும் ஒரே வீட்டில்

ஜோதிடம் அறிந்த பெரியவர்கள், லக்னத்திலிருந்து எண்ணிவரும் ஆறாம் இடத்தை 'ருண, ரோக, சத்ரு ஸ்தானம்' என்று சொல்வார்கள். கடன், நோய், பகை என்னும் மூன்றையும் ஒரே வீட்டில் குடிவைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். இளமையில் இதைக் கேட்டபோது, இம்மூன்றுக்கும் அப்படி என்ன உறவு என்று அடியேன் வியந்ததுண்டு. வயது ஏற ஏறத்தான் விளங்கிற்று. நோய் வாசல் வழியே வந்தால், கடன் கொல்லைப்புறமாக நுழைந்துவிடுகிறது. இரண்டும் வந்து சேர்ந்த வீட்டில், யார் எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சில் உடன்பிறந்தாருக்குள் பகையும் முளைத்துவிடுகிறது.

சிங்கப்பெருமாள் கோவிலில் எழுந்தருளியிருக்கும் பாடலாத்ரி நரசிம்மரைச் சேவிக்க வருவோரின் வேண்டுதல்களிலும் இவ்விரண்டே மிகுதி. குன்றைக் குடைந்தெடுத்த கர்ப்பக்கிருகம் அது. பெருமாளை வலம்வர வேண்டுமானால் குன்றையே வலம்வர வேண்டும். அர்ச்சகர் கற்பூர ஒளியில் பெருமாளின் நெற்றிக்கண்ணைக் காட்டும் நொடியில், சந்நிதியில் நிற்போரின் உதடுகள் அசைவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருவர் கடன் தீர வேண்டும் என்பார். அடுத்தவர் வீட்டில் படுத்திருப்பவர் எழ வேண்டும் என்பார். இரண்டையும் சேர்த்தே வேண்டுகிறவர்களும் உண்டு. இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தட்டில் கொட்டிய காகிதங்கள்

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வடக்கே அடுத்த ரயில் நிலையம் மறைமலை நகர். தனித்தமிழ் வளர்த்த மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். சென்னையின் நெரிசலைக் குறைக்க உருவான துணைநகரம். பின்னர் தொழிற்சாலைகளின் ஊராக வளர்ந்தது. இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் ஆலைகளுக்கு இவ்வூர்ப் பிள்ளைகள் விடியற்காலைப் பேருந்துகளில் செல்கிறார்கள். அவர்களை வளர்த்து ஆளாக்கிய பெற்றோர்தாம் கோயில் பிராகாரங்களில் நமக்கு முன்னும் பின்னும் நடப்பவர்கள்.

அவர்களில் ஒருவரைச் சுவாதி நட்சத்திரந்தோறும் கிரிவலத்தில் பார்ப்பேன். உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். தம்பதியாகவே வருவார்கள். மூன்று சுவாதிகள் தொடர்ந்து அவர்களைக் காணவில்லை. விசாரித்தபோதுதான் அந்த அம்மாளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது.

வீட்டுக்குச் சென்று பார்த்தேன். நோயைவிடக் கணக்குதான் அவரை அதிகம் வாட்டிக்கொண்டிருந்தது. நோய் என்று கேட்ட அதிர்ச்சியில், உறவினர் ஒருவர் சொன்ன தனியார் மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார்கள். நாற்பது நாட்களில் வருங்கால வைப்பு நிதியாகவும் பணிக்கொடையாகவும் வந்த தொகையில் ஆறு லட்சம் ரூபாய் கரைந்துவிட்டது. அதன்பின் நகைகள் அடகுக்கடைக்குப் போயின. பிறகு இரண்டு லட்சம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால், இரண்டு லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம். அவருக்கு வரும் பென்ஷனோ மூவாயிரத்துக்கும் குறைவு. முதலை விடுங்கள், வட்டியைக் கட்டவே அவரைப்போல் இருவர் இருந்தாலும் போதாது.

கிரிவலக் கூட்டத்தில் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. தம் பெயரை எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நோய்வாய்ப்பட்டோர் வீட்டுக்குச் சென்று, பணக்கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதைச் சில ஆண்டுகளாக ஒரு கைங்கர்யமாகவே செய்து வருகிறார். அவரை அழைத்துச் சென்றேன்.

அவர் மருத்துவமனைப் பில்லைக் கேட்கவில்லை. "தம்பி, வீட்டில் பெரிய தாம்பாளம் இருக்கிறதா?" என்றுதான் கேட்டார். "பீரோவில், பெட்டியில், சுவாமி படத்துக்குப் பின்னால், எங்கெங்கே காகிதம் செருகி வைத்திருக்கிறீர்களோ, எல்லாவற்றையும் இதில் கொட்டுங்கள்."

கொட்டினார்கள். அவர் தரையில் அமர்ந்து நான்கு கட்டுகளாகப் பிரித்தார். நமக்கு வரவேண்டியவை, நம்மிடம் இருப்பவை, நாம் கொடுக்கவேண்டியவை, எவருக்கும் புரியாதவை. நான்காவது கட்டே பெரிதாக இருந்தது. அதற்குள்தான் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் மகனின் இ.எஸ்.ஐ. அட்டையின் நகல் கிடந்தது.

"தம்பிக்குச் சம்பளம் எவ்வளவு?"

"பதினெட்டாயிரம் ஐயா. ஆனால் அது அவனுக்கும் மருமகளுக்கும்தானே?"

அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல்தான் ஆறு லட்சம் போயிருந்தது. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ள தொழிலாளர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருகிறார். அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரும், அவர்களின் வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால், அவருடைய குடும்பத்தினராகவே கருதப்படுவார்கள். மகன் தன் மனைவியின் பெயரை மட்டும் பதிந்திருந்தான். தாய் தந்தையைச் சேர்க்கலாம் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. பெயர்கள் சேர்க்கப்பட்டன. மருந்தகத்தில் கடிதம் பெற்று, கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் சென்று, அங்கிருந்து உரிய இடத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். அலைச்சல் இருந்தது, காத்திருப்பும் இருந்தது. ஆனால் அதற்குப்பின் சிகிச்சைக்கென்று அந்த வீட்டிலிருந்து பெருந்தொகை எதுவும் போகவில்லை.

அடுத்து, மூன்று வட்டிக் கடன். திருமாங்கல்யத்தைத் தவிர்த்து, அடகில் கிடந்த நகைகளில் ஒரு பகுதியை விற்று அக்கடனை முதலில் அடைக்கச் சொன்னார் பெரியவர். மிஞ்சிய நகைகளைக் கடையிலிருந்து மீட்டு வங்கிக்கு மாற்றச் செய்தார். "பெண்ணுக்கென்று வைத்த நகையாயிற்றே" என்று அந்த அம்மாள் கண்கலங்கினார். "அம்மா, மாதம் ஆறாயிரம் வட்டியாகப் போனால் அந்த நகை தானாகவே கரைந்துவிடும். இப்போது விற்றால் பாதியாவது பெண்ணுக்கு மிஞ்சும்" என்றார் அவர். இதற்குப் பெரிய கல்வி ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் துயரத்தில் இருப்பவருக்கு இந்த எளிய கணக்கும் புலப்படாது. அருகில் அமர்ந்து போட்டுக்காட்ட ஒருவர் வேண்டும்.

பல தேசத்திலும் இக்கைங்கர்யம்

இதனைத் தொழிலாகக் கற்றவர்கள் நிதித் திட்டமிடுநர்கள் எனப்படுவர். அமெரிக்காவில் இத்தகையோர் பலர், புற்றுநோய் போன்ற கொடிய பிணியால் தவிக்கும் குடும்பங்களுக்குக் கட்டணம் வாங்காமல் தம் நேரத்தைத் தருகிறார்கள். அவர்களையும் நோயாளிகளையும் இணைத்துவைக்க அறக்கட்டளைகள் அங்கே உள்ளன. இங்கிலாந்தில் டக்ளஸ் மேக்மில்லன் என்பவர், புற்றுநோயால் தம் தந்தை பட்ட வேதனையைக் கண்டு 1911-இல் ஒரு சங்கம் தொடங்கினார். அவர் பெயராலேயே இன்று விளங்கும் அந்த அமைப்பு, நோயாளிகளுக்கு மருத்துவத் துணையுடன் பணத்தைப் பற்றிய வழிகாட்டுதலையும் அளிக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்துக் கேரளத்திலேயே உதாரணம் இருக்கிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி 1993-இல் வலி தணிப்பு மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அதிலிருந்து கிளைத்து, மலப்புரம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் உதவி வலையமைப்பு பரவிற்று. ஆசிரியர், கடைக்காரர், ஓய்வு பெற்றவர், இல்லத்தரசி எனச் சாதாரண மனிதர்கள் வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சி பெற்று, படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குச் செல்கிறார்கள். புண்ணுக்கு மருந்திடுவதோடு, அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, அரசு உதவிக்கு மனு கொடுத்தாயிற்றா என்றும் பார்க்கிறார்கள். நோய் உடம்பை மட்டும் தாக்குவதில்லை, அடுப்பையும் அணைக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

நம் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் கதையும் ஒரு குடும்பத் துயரிலிருந்தே தொடங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையைப் பல்லாண்டு மனத்தில் சுமந்து, 1954-இல் 12 படுக்கைகளுடன் அதனைத் தொடங்கி வைத்தார். பணமில்லை என்பதற்காக ஒருவர் சிகிச்சையின்றித் திரும்பக்கூடாது என்ற நெறியை டாக்டர் சாந்தா தம் வாழ்நாள் முழுதும் காத்து நின்றார்.

திருமுக்கூடல் காட்டும் கணக்கு

இவையெல்லாம் இந்தக் காலத்துப் புதுமை என்று எண்ண வேண்டாம். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் வழியில் பழையசீவரம் இருக்கிறது. மாட்டுப்பொங்கல் நாளில் காஞ்சி வரதர் பாரிவேட்டைக்கு எழுந்தருளும் தலம். அதற்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில். அதன் சுவரில், வீரராசேந்திர சோழர் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு.

அக்கோயிலைச் சார்ந்து வேதபாடசாலையும் மாணவர் விடுதியும் 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலையும் இருந்தன. ஆதுலர் என்றால் நோயாளிகள். 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை அது. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை என்னும் அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து சமைப்போர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், நாவிதர், தண்ணீர் சுமப்பவர் என்று ஒவ்வொருவரையும் அக்கல்வெட்டு குறிப்பிடுகிறது. அவரவர்க்கு ஆண்டுதோறும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று வரையறுக்கிறது. படுத்திருப்பவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி, இரவு விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், ஆண்டு முழுவதும் தட்டுப்பாடின்றி இருப்பு வைக்கவேண்டிய மருந்துகள் யாவை என்பதும் அதில் உண்டு. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம் எனச் சுமார் இருபது மருந்துகளின் பெயர்கள் வருகின்றன.

அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போதெல்லாம் அடியேனுக்குத் தோன்றுவது இதுதான். தர்மம் செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. விளக்கெண்ணெய் வரை கணக்குப் பார்த்தார்கள். நோய் வந்தபிறகு கையைப் பிசைவதற்குப் பதில், வருமுன்னரே நெல்லை ஒதுக்கினார்கள். கணக்கும் கருணையும் அங்கே ஒரே சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன.

நாம் ஒழுங்குசெய்து வைக்க வேண்டியவை

நம் வீட்டுக்கும் அத்தகைய கல்வெட்டு ஒன்று வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த வங்கியில் கணக்கு, எந்தத் தபால் நிலையத்தில் சேமிப்பு, பாலிசி எத்தனை, லாக்கர் சாவி எங்கே, நியமனதாரர் யார் என்பவற்றை எழுதி, இல்லாளுக்கோ பிள்ளைகளுக்கோ காட்டி வையுங்கள். 'பிள்ளைகளுக்குத் தெரிந்தால் கேட்டுவிடுவார்கள்' என்று நம்மில் பலர் மறைக்கிறோம். அந்த அச்சத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் நாம் நினைவிழந்து படுத்தபின், பீரோவில் பணம் இருந்தும் பிள்ளை மூன்று வட்டிக்கு வாங்கி அலைவதைவிட அது மேல். ஒருவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கைத் தம்பதியர் பெயரில், இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற வகைக்கு மாற்றிக்கொள்ளுதல் நலம். வங்கியில் இதை 'ஐதர் ஆர் சர்வைவர்' என்பார்கள்.

படுத்த படுக்கையாகிக் கையெழுத்திட முடியாமற்போனால் என்ன செய்வது? வங்கிகள் இதற்கு வழி வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. கைவிரல் ரேகை வைக்கலாம். அதுவும் இயலாவிடில் கால்விரல் ரேகையும் ஏற்கப்படும். இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருப்பார். 70 வயதைக் கடந்தோருக்கு வீட்டிலேயே வந்து அடிப்படைச் சேவைகளைச் செய்து தரவும் 2017-இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. கிளையில் தயங்காமல் கேளுங்கள்.

நோய் வந்துவிட்டால், பணத்துக்கு எந்த வாசலை முதலில் தட்டுவது என்பதில் ஒரு வரிசை உண்டு. நம் பெரியவர் எல்லா வீட்டிலும் அதையே சொல்கிறார்.

முதல் வாசல், நமக்கு உரிமையாக வருவது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுக வேண்டும். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ரூ.5 லட்சம் வரை காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தைப் பற்றியும் அங்கேயே விசாரித்து வையுங்கள். இ.எஸ்.ஐ. காப்பீட்டில் ஐந்தாண்டுகளேனும் இருந்து, அதே நிலையில் வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு ரூ.120 மட்டும் செலுத்தித் தமக்கும் தம் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். இந்த நூற்றிருபது ரூபாய்ச் செய்தி தெரியாமல் எத்தனை குடும்பங்கள் வீதிக்கு வந்தனவோ, நரசிம்மனுக்கே வெளிச்சம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிறுவனம் எடுத்துத் தந்த குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையின் உற்பத்தி 2022-இல் நின்றபோது, வேலை என்பது எவ்வளவு திடீரென முடியக்கூடும் என்பதை இவ்வூர் கண்கூடாகக் கண்டது. பிள்ளையின் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றிருப்போர், அது இல்லாவிடில் என்ன என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். சொந்தமாகக் காப்பீடு எடுத்திருந்து, நியாயமான கோரிக்கையை நிறுவனம் மறுத்துவிட்டால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் உள்ளது. அங்கே முறையிடக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

இரண்டாம் வாசல், நம் சொந்தச் சேமிப்பு. அதிலும் அபராதம் குறைவாக உள்ளதை முதலில் எடுக்க வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டக் கணக்கை ஓராண்டு கழிந்தபின் மூடினால் ஒன்றரை சதவீதமும், இரண்டாண்டு கழிந்தபின் மூடினால் ஒரு சதவீதமும் பிடிப்பார்கள், அதற்குமேல் இழப்பில்லை. மூன்றாம் வாசல், வைப்புத்தொகையின் மீதோ நகையின் மீதோ வங்கியில் வாங்கும் கடன். இம்மூன்றையும் தாண்டி வட்டிக்காரர் வாசலுக்குப் போகவே கூடாது. குடியிருக்கும் வீடு எல்லாவற்றுக்கும் கடைசி. அதையும் படுத்திருப்பவரைக் கேட்காமல் விற்கக்கூடாது.

காலியாக இருந்த ஒரு வரி

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த அம்மாளின் நோய் எட்டாம் மாதத்தில் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. புதிய மருந்து ஒன்று இருப்பதாகவும், அதற்குப் பல லட்சம் ஆகும் என்றும் வெளியே சொன்னார்கள். வீட்டை விற்றுவிடலாம் என்றார் கணவர். மகன் சரி என்றான். மகள் அழுதாள். வீட்டுக்கு விலை பேச ஆளும் வந்துவிட்டார். எல்லாம் கூடத்தில் நடந்தது. அறையில் படுத்திருந்தவரை எவரும் கேட்கவில்லை.

பெரியவர் வழக்கம்போல் காகிதத்தில் கணக்கெழுதினார். வீடு போனால் வாடகை எவ்வளவு, பென்ஷன் எவ்வளவு, இருவருக்கும் உணவுக்கு எவ்வளவு. எழுதி முடித்து, "இதில் ஒரு வரி இன்னும் காலியாக இருக்கிறது. அதை அம்மாதான் நிரப்ப வேண்டும்" என்று சொல்லி அறைக்குள் எடுத்துச் சென்றார்.

அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த மருந்து என்னைக் குணமாக்குமா, நாளை நீட்டுமா?" மருத்துவரிடமே கேட்டு வந்தார்கள். குணமாகாது, சில மாதங்கள் நீளலாம் என்பதே விடை. சிறிது நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு அவர் சொன்னார்: "வலி தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள், போதும். நான் போனபிறகு அவருக்கு விளக்கேற்ற ஒரு வாசல் வேண்டும். வீட்டை விற்காதீர்கள். கணு அன்றைக்குப் பழையசீவரத்தில் வரதரை ஒருமுறை சேவிக்க வேண்டும்."

அவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால், 'எனக்கு வாழ ஆசை, வீட்டை விற்றாவது பாருங்கள்' என்றிருந்தால், அதற்கும் நம் பெரியவர் கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பார். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையன்று. உண்மை நிலவரத்தைக் காட்டி, கேட்க வேண்டியவரைக் கேட்கச் செய்வதே அவர் கைங்கர்யம். குடும்பத்துக்காக உழைத்துத் தேய்ந்த ஒரு பெண்மணியை, அவருடைய உயிரைப் பற்றிய பேச்சில்கூட நாம் கேட்க மறந்துவிடுகிறோமே, அதைத்தான் அன்று அந்தக் காகிதம் நினைவூட்டியது.

மாட்டுப்பொங்கலன்று வாடகை வண்டியில் சாய்ந்தபடியே வரதரைச் சேவித்தார். பங்குனியில் திருநாடு அடைந்தார். கணவர் இன்றும் அதே வீட்டில் மாலையில் விளக்கேற்றுகிறார். எவருக்கும் கடன் இல்லை. சுவாதியன்று கிரிவலம் வருகிறார். இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எந்தச் சாளரத்தில் எந்தக் காகிதம் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. புதிதாக நோயில் விழுந்த வீட்டார் எவரேனும் இருந்தால், அவர்களுடன் தாமே துணைக்குப் போகிறார்.

வாசி இல்லாத காசு

இந்த இதழைப் படிப்போரில் வங்கியிலும் தபால் நிலையத்திலும் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்திலும் தணிக்கைத் துறையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பலர் இருப்பீர்கள். நாற்பதாண்டு கற்ற அந்தக் கணக்கு உங்களிடம் சும்மா இருக்கிறது. மாதத்தில் ஒரு மாலையை ஒரு நோயாளியின் வீட்டுக்குக் கொடுக்கலாமே. சில விதிகளை மட்டும் மறவாதீர்கள். அந்த வீட்டுப் பணத்தைக் கையால் தொடக்கூடாது. காசோலையோ கடவுச்சொல்லோ கேட்கக்கூடாது. எந்தப் பாலிசியையும் முதலீட்டையும் விற்கவோ பரிந்துரைக்கவோ கூடாது. அது உரிமம் பெற்றோர் வேலை. மருத்துவம் பற்றி அபிப்பிராயம் சொல்லக்கூடாது. கேட்டதை வெளியில் பேசக்கூடாது. இருவராகச் செல்வது இன்னும் நலம். உதவி பெறும் வீட்டாரும் இதையே உரைகல்லாகக் கொள்ளுங்கள். உங்கள் துயர் கண்டு தாமாக வந்து கையெழுத்துக் கேட்பவர் தன்னார்வலர் அல்லர்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, திருநாவுக்கரசருக்கும் திருஞானசம்பந்தருக்கும் சிவபெருமான் நாள்தோறும் படிக்காசு அருளினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அப்பரின் திருமடத்தில் அடியார்களுக்கு உரிய வேளையில் அமுது கிடைத்தது. சம்பந்தரின் மடத்திலோ தாமதமாயிற்று. விசாரித்தால், அவர் பெற்ற காசுக்குக் கடைவீதியில் வாசி, அதாவது வட்டம், பிடித்தார்களாம். அப்பர் உழவாரப்படையேந்திக் கைத்தொண்டு செய்தமையால் அவர் காசு வாசியின்றிச் செல்லுபடியாயிற்று. பின்னர் சம்பந்தர் பதிகம் பாடி வேண்ட, அவருக்கும் வாசியில்லாக் காசு அருளப்பட்டது.

பசித்தவர் வயிறு ஒரு நாழிகை காய்வதும், காசில் சிறிது குறைவதும் இறைவன் பொருட்படுத்தும் விஷயங்கள் என்று இந்த வரலாறு சொல்கிறது. கைத்தொண்டுக்குக் கிடைத்த காசே முழுமதிப்புப் பெற்றது என்பதையும் சொல்கிறது. நோயுற்றவர் வீட்டுத் தரையில் அமர்ந்து, தாம்பாளத்தில் கொட்டிய காகிதங்களைப் பிரிப்பதும் ஓர் உழவாரப்பணியே. அடுத்த சுவாதியன்று சந்நிதியில் உங்கள் அருகில் நிற்பவர் மூன்று மாதமாக ஏன் வரவில்லை என்று கேளுங்கள். அங்கிருந்தே அப்பணி தொடங்கலாம்.

ருணமும் ரோகமும் தீர்த்து, பாடலாத்ரி நரசிம்மன் அனைவரையும் காப்பானாக.